பின்னால் வந்த தடம்

"இன்னிக்கு நான் யாரையும் சந்தேகப்படப் போறதில்ல" என்று கடலைப் பார்த்த சாய்வு நாற்காலியில் காலை நீட்டியபடி அறிவித்தாள் சீஃப்.

பக்கத்து நாற்காலியில் இருந்த உதவியாளர் கண்ணைத் திறக்காமலே, "என்னையுமா?" என்றார்.

"உங்கள நான் என்னிக்குங்க சந்தேகப்பட்டேன்? நம்பறதில்ல, அவ்வளவுதான்."

ஊரில் அவளுக்குச் சொந்தமாக ஒரு துப்பறியும் நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்றால் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஓர் அறை, ஒரு மேஜை, எப்போதும் ரிப்பேரில் இருக்கும் ஒரு மின்விசிறி. முதலாளி அவள். ஒரே ஊழியர் அவள் புருஷன். வேலை நேரத்தில் அவர் அவளை 'சீஃப்' என்று கூப்பிட்டு மரியாதையாக 'நீங்க' போடுவார். கதவைப் பூட்டியதும் 'நீ'க்கு இறங்கிவிடுவார். அவளுக்கு அவர் அலுவலகத்தில் 'அசிஸ்டென்ட்', வீட்டில் 'என்னங்க'. எந்தச் சண்டை எந்தக் கணக்கில் சேரும் என்பது இருவருக்கும் தெரிந்திருந்ததால் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது கடைக்கு விடுமுறை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலை மலையாகச் சுற்றிவிட்டு, உதவியாளரின் இடது கால் கொப்பளித்துப்போனதால், கடலோரத்தில் இந்தச் சின்ன ஓய்வு விடுதியைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்கள். சும்மா படுத்துக் கிடப்பதுதான் திட்டம்.

முதுகுப்பைப் பயணத்தில் சீஃப் கண்டிப்பானவள். கனம் சேரக்கூடாது என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பையே பாதியாக வெட்டியவள். வழியில் தங்கிய விடுதிகளில் எல்லாம் வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தட்டு இருந்தது. பயணிகள் தங்களுக்கு வேண்டாததை அதில் வைத்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. உதவியாளர் தலையில் இருக்கும் தொப்பிகூட அப்படி ஒரு தட்டில் கிடைத்ததுதான்.

"ஏய், மலைச் சந்தையில நான் வாங்கிக் கொடுத்தேனே, கிளி போட்ட முகம் பார்க்கற கண்ணாடி, அது எங்க? மூக்கு உரியுது, பார்க்கணும்" என்றார் உதவியாளர்.

"பையில எங்கயாவது இருக்கும். உங்க மூக்கு இருந்த இடத்துலயே இருக்கு. படுங்க."

"ஆசையா வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளாவது எடுத்துப் பார்த்தியா?"

"அலகு உடைஞ்ச கிளி. அதைப் பார்த்து நான் என்ன பண்ண?" என்றவள், அவசரமாகப் பேச்சை மாற்றினாள். "அது சரி, காலைல ஏதோ புதுச் செருப்போட வந்தீங்களே, எங்க வாங்கினீங்க?"

"நடந்து போனேன்ல. வழியில."

"உறுத்தல?"

"சுகமா இருக்கு. ரொம்ப நாள் போட்டுப் பழகினது மாதிரி."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. சீஃப் ஒரு கேள்வியைப் பாதியில் விட்டால் அவளிடமே ஏதோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். இத்தனை வருட ஊழியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவரும் கேள்வி நின்றதே போதும் என்று கண்ணை மூடிக்கொண்டார். அந்தச் செருப்பு நாற்காலிக்கு அடியில், அவர் துண்டுக்குக் கீழே பத்திரமாகக் கிடந்தது.

அப்போதுதான் விடுதிக்காரம்மா வந்தாள்.

நாற்பதைத் தொடும் வயது. இடுப்பில் சாவிக்கொத்து. நேற்று அறையைக் காட்டும்போது மளமளவென்று பேசியவள், இன்று ஒரு வாக்கியம் தொடங்க அவ்வளவு சிரமப்பட்டாள்.

"ஓய்வெடுக்க வந்தவங்களத் தொந்தரவு பண்ணக் கூடாது. நீங்க துப்பறியறவங்கன்னு நேத்து சார் சொன்னார்..."

சீஃப் பக்கத்து நாற்காலியை முறைத்தாள். "பேச்சுவாக்குல வந்துடுச்சு" என்றது நாற்காலி.

"சொல்லுங்கக்கா. ஏதாவது காணாமப் போச்சா?"

"ஐயோ, திருட்டெல்லாம் இல்ல மேடம். விடிகாலைல ஒருத்தர் இங்க வந்துட்டுப் போயிருக்கார். பின்னாடி குழாயடியில இருந்து காலடி போகுது. யாருன்னு எனக்குத் தெரியும். எங்க போனார்னுதான் தெரியல."

"தெரிஞ்சவர்னா ஏன் மறைஞ்சு வரணும்?"

விடுதிக்காரம்மாவுக்குக் கழுத்து வரை சிவந்தது. "கூச்சமா இருக்கும். முகத்தைக் காட்ட வெக்கமா இருக்கும். கண்டுபிடிச்சாக் கூட்டிட்டெல்லாம் வர வேண்டாம். எங்க இருக்கார், நல்லா இருக்காரான்னு பார்த்துச் சொன்னாப் போதும். அவரா வரட்டும்."

மறுத்துவிட இதுவே நல்ல சமயம். ஆனால் புகழுக்கு மயங்காத சீஃப், சவாலுக்கு மயங்கிவிடுவாள். "கவலைய விடுங்க. மணல்ல போனவனக் கண்டுபிடிக்கறது ஒரு வேலையா? என் கண்ணுக்குத் தப்பி எதுவும் போனதில்ல" என்று எழுந்தவள், வெறுங்காலோடு அவளைப் பின்தொடர்ந்தாள்.

விடுதியின் பின்புறத்தில், குளித்துவிட்டு வருகிறவர்கள் மணலைக் கழுவிக்கொள்ள ஒரு குழாய். பக்கத்துச் சுவரில் ஒரு மரத்தட்டு. அதில் நிறம் போன ஒரு தொப்பியும் மடித்து வைத்த ஒரு துண்டும் இருந்தன. சீஃப் அந்தத் தட்டை ஒரு தடவை பார்த்தாள். உடனே பார்வையை மணலுக்குத் திருப்பினாள்.

தடம் தெளிவாக இருந்தது. செருப்பின் முன்பாதி வழவழப்பாகப் பதிந்திருக்க, வலது குதிகாலில் மட்டும் வண்டிச் சக்கரம் ஓடியது போலக் குறுக்குக் குறுக்காக வரிகள்.

"இந்தக் குதிகாலை எங்க பார்த்தாலும் எனக்குத் தெரியும்" என்றாள் விடுதிக்காரம்மா மெதுவாக. பிறகு அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

உதவியாளர் செருப்பை மாட்டிக்கொண்டு நொண்டியபடி வந்து சேர்ந்தபோது சீஃப் தடத்தின் மேல் குனிந்திருந்தாள். விடுமுறை முடிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. "உத்தரவு போடுங்க சீஃப்."

"பின்னாலயே வாங்க அசிஸ்டென்ட். தடத்தை மிதிச்சுத் தொலைச்சிடாதீங்க."

அவள் முன்னால் நடந்தாள். அவர் பின்னால் நடந்தார். திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. முன்னால் இருப்பதைப் பார்ப்பதற்குத்தான் துப்பறிவாளர், பின்னால் வருவதற்கு அசிஸ்டென்ட் என்பது அவள் கட்சி.

"முதல் விஷயம். வலது தடம் ஆழம், இடது தடம் மேலாப்புல. இடது கால்ல ஏதோ கோளாறு."

"பாவம்" என்றார் உதவியாளர், அனுபவித்தவராக.

"பாவமாவது! இங்க பாருங்க, குழாயடியத் தாண்டினதும் ரெண்டு காலும் ஒரே மாதிரி பதிஞ்சிருக்கு. ஆள் இருக்கற இடத்துல நொண்டறான், ஆள் இல்லாத இடத்துல ஜோரா நடக்கறான். நடிப்பு."

"வலி விட்டு விட்டு வரும் சீஃப். அவனவனுக்குத்தான் தெரியும்."

"நீங்க ஏன் அவனுக்கு வக்காலத்து வாங்கறீங்க?"

"பொதுவாச் சொன்னேன். கால் இருக்கற ஜாதி நாங்க."

கொஞ்ச தூரம் நேராகப் போன தடம், அறைகளின் ஜன்னல்களுக்கு எதிரே வந்ததும் திடீரென்று விலகி, கவிழ்த்துப் போட்ட படகுகளுக்குப் பின்னால் வளைந்து மறுபடி கரைக்கு வந்தது. சீஃப் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஜன்னல் வழியா யாரும் பார்த்துடக் கூடாதுன்னு சுத்திப் போயிருக்கான். ஜன்னல்ல யார் இருப்பா? பொண்டாட்டி. ஆளு பயந்தாங்கொள்ளி. வீட்டுல அனுமதி கிடைக்காத காரியத்துக்குத்தான் கிளம்பியிருக்கான்."

உதவியாளர் படகுகளைப் பார்த்தார், ஜன்னல்களைப் பார்த்தார், பிறகு கடலைப் பார்த்தார். "நிழலுக்காக ஒதுங்கியிருக்கலாம்."

"விடிகாலைல என்ன நிழல்?"

இன்னும் சற்றுத் தள்ளி ஒரு மரக்கட்டைக்குப் பக்கத்தில் மணல் அகலமாகக் குழிந்திருந்தது. "இங்க உட்கார்ந்திருக்கான். இவ்வளவு இடத்தை அடைச்சு உட்கார்றவன் சாப்பாட்டுல குறை வைக்காதவனா இருக்கணும். உழைச்ச உடம்பு இல்ல. சோம்பேறி, தீனி ருசிக்காரன், பெண்டாட்டிக்குத் தெரியாம வெளிய வந்தவன். இவனைப் போய் அந்தம்மா தேடறாங்க பாருங்க, அதான் எனக்குப் புரியல."

"காத்துல மணல் பரவியிருக்கும்" என்றார் உதவியாளர். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு நாலு வார்த்தை கொடுக்கிறவரின் குரல் ஏதோ கம்மியிருந்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டாள் சீஃப்.

தடம் ஒரு படகுக் கொட்டகையை ஒட்டிப் போயிற்று. உள்ளே எண்ணெய்ப் பிசுக்கேறிய சட்டையோடு ஒருவர் இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை செய்யவில்லை. கையில் திருகுச் சாவியை வைத்துக்கொண்டு சும்மா மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, காலைல இந்த வழியா யாராவது போனாங்களா?"

"நான் வர்றப்பவே தடம் இருந்துச்சு" என்றார் அந்தப் படகு மெக்கானிக். "யாரோட தடம்னு தெரிஞ்சுதான் கேட்கறீங்களா?"

"தெரியாது. அந்தம்மா சொல்லல."

"அவங்க புருஷன் செருப்பு அது. குதிகால் தேஞ்சு போச்சுன்னு பழைய டயரை வெட்டி நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். எனக்குச் சிநேகிதன். படகுல ஏறும்போது எப்பவும் செருப்பைக் குழாயடித் தட்டுல கழட்டி வெச்சுட்டுத்தான் போவான். அப்படி வெச்சுட்டுப் போனவன் திரும்பி வரல. படகும் வரல. ஏழு வருஷத்துக்கு மேல ஆகுது. செருப்பு, தொப்பி, துண்டு மூணையும் அவங்க அந்தத் தட்டுல இருந்து எடுக்கவே விட மாட்டாங்க. தொடச்சுத் தொடச்சு அங்கயே வெப்பாங்க. வழக்கமா வர்றவங்க யாரும் அதத் தொடறதில்ல."

சீஃப் குனிந்து அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பதிவுக் கல்யாணம்" என்று மெக்கானிக் தொடர்ந்தார். "ஒத்துக்கறதுக்கே அவங்களுக்கு இவ்வளவு நாளாச்சு. காலைல வந்து நின்னாங்க. அவர் வந்துட்டார், செருப்பு போட்டுட்டுப் போயிருக்கார், இனிமே நீங்க இந்தப் பக்கம் வராதீங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"கோபம் என்னங்க? சிநேகிதன் உயிரோட வந்தா நான் குதிக்கணும். ஆனா அந்தத் தடத்தைப் பார்த்ததும் எனக்கு முதல்ல சந்தோஷம் வரலீங்க. அடப்பாவி, இவன் ஏன் வந்தான்னுதான் தோணுச்சு." திருகுச் சாவியைக் கீழே வைத்தார். "அதுல இருந்து எனக்கே என் முகத்தப் பார்க்கப் பிடிக்கல. வெக்கமா இருக்கு."

உதவியாளர் கொட்டகைக்கு வெளியே, தளர்ந்த மணலில் நின்றிருந்தார். டயர் என்ற வார்த்தை காதில் விழுந்ததில் இருந்து அவர் இரண்டு பாதங்களையும் மணலுக்குள் புதைத்துக்கொண்டே இருந்தார். இப்போது கணுக்கால் வரை காணவில்லை.

"வாங்க அசிஸ்டென்ட்" என்று சீஃப் நடந்ததும், அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"சீஃப்... எனக்குப் பசிக்குது" என்றுதான் வந்தது.

கரை முடியும் இடத்தில், சாலை ஓரமாக ஒரு ரொட்டிக்கடை. தடம் அதன் படிக்கட்டு வரை வந்து நின்றது. அதற்கு அப்பால் தார்ச்சாலை. செருப்புக்கு அடையாளம் இல்லை.

சீஃப் கண்ணாடிப் பெட்டிக்கு எதிரே போய் நிற்கும் முன்பே கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பாக அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "வாங்க சார், வாங்க! காலைல தின்ன கிரீம் பன்னெல்லாம் செரிச்சாச்சா? அடுத்தது சுடச்சுட இருக்கு."

உதவியாளருக்கு டாக்டர் இனிப்பைத் தடை செய்திருந்தார். டாக்டர் சொன்னதை நிறைவேற்றும் அதிகாரி சீஃப். சாதாரண நாளாக இருந்தால் இந்த ஒரு வாக்கியத்துக்கு வீடு இரண்டுபட்டிருக்கும். இப்போது அவள் கடைக்காரரிடம் மிகப் பொறுமையாகக் கேட்டாள்.

"காலைல இவரைத் தவிர வேற யாராவது கடற்கரைப் பக்கமா வந்தாங்களா?"

"எங்கம்மா? இவர்தானே முதல் போணி! கதவு திறக்கறதுக்கு முன்னாடியே படியில உட்கார்ந்திருந்தார். போறப்போ சாலை வழியாப் போனார்."

சீஃப் திரும்பினாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, நடந்து வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். காலையில் பதிந்த தடத்துக்குப் பக்கத்தில் அவளுடைய வெறுங்கால் தடம். அதன் பின்னாலேயே, விடாமல், கடை வாசல் வரைக்கும், குறுக்கு வரி போட்ட ஒரு வலது குதிகால்.

சோம்பேறி, நடிகன், தீனி ருசிக்காரன், பெண்டாட்டிக்குப் பயந்தவன். ஒன்றுகூடத் தப்பவில்லை. துப்பு துலக்கியதில் இதைவிடச் சரியாக அவள் என்றுமே இருந்ததில்லை.

சிரிப்புதான் முதலில் வந்தது. பாதிச் சிரிப்பில் அந்த மெக்கானிக் நினைவுக்கு வந்தார். சிரிப்பு கசந்துபோயிற்று.

"என்னங்க" என்றாள்.

அந்த 'என்னங்க' கேட்டதும் உதவியாளருக்கு அழுகை வரும் போல இருந்தது. "வழியில இருந்த தட்டுல எடுத்தேன்மா. எல்லா விடுதியிலயும் இருக்குமே, அந்த மாதிரின்னு நினைச்சுட்டேன். கால் எரிஞ்சுது. செருப்பு சும்மாதானே கிடக்குன்னு... வாங்கினேன்னு பொய் சொன்னது பன்னுக்காக. தட்டுல எடுத்தேன்னு சொன்னா எந்தப் பக்கம் போனே, எதுக்குப் போனேன்னு கேட்பே."

"அறிவு இருக்கா உங்களுக்கு? கேட்காம எடுக்கறதுக்கு அது என்ன..." என்று ஆரம்பித்த சீஃப்பின் வாய் பாதியில் நின்றது. முகம் ஒரு மாதிரி வெளுத்தது. திட்டு முழுதாக வராததை உதவியாளர் கவனித்தார். தன் மேல் இருக்கும் இரக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

இருவரும் சாலை வழியாகத் திரும்பி நடந்தார்கள். மணலில் இறங்க அவருக்குக் கால் வரவில்லை.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் உதவியாளர். "செருப்பை இருந்த இடத்துல வெச்சுடறேன். ஆளைக் கண்டுபிடிக்க முடியலைன்னு சொல்லிட்டுப் பையை எடுத்துட்டுப் போயிடலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? அவங்க..." புருஷன் வந்து செருப்பை வைத்துவிட்டு மறுபடி போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு அந்தம்மா ஆயுசு முழுக்க அந்தத் தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பாள். மெக்கானிக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டிருப்பார்.

"நான் பேசறேன்" என்றாள் சீஃப். "வாயைத் திறக்காம நில்லுங்க. செருப்பை வெளியவே விட்டுட்டு வாங்க."

விடுதிக்காரம்மா சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு அறையில் இருந்தாள். தலையை அழகாக வாரியிருந்தாள். மேஜையில் எதிர் எதிராக இரண்டு தட்டுகள் மூடி வைக்கப்பட்டிருந்தன. இவர்களைப் பார்த்ததும் நாற்காலி இழுபடும் சத்தத்தோடு எழுந்தாள்.

"கிடைச்சாரா?"

"அக்கா, அது வந்து..."

"இருங்க மேடம், முதல்ல நான் சொல்லிடறேன். காலைல நான் முழுசாச் சொல்லல. பைத்தியம்னு நினைச்சுடுவீங்களோன்னு வெக்கமா இருந்துச்சு. வந்தது என் வீட்டுக்காரர். செருப்பு மட்டும்தான் ஆதாரம்னா நானே நம்பியிருக்க மாட்டேன். யாராவது எடுத்திருப்பாங்கன்னு விட்டிருப்பேன்."

மடியில் துண்டில் சுற்றி வைத்திருந்த எதையோ எடுத்து, பிரித்தாள்.

"கடலுக்குப் போன அன்னிக்கு அவர் கை பட்டு என் கண்ணாடி உடைஞ்சு போச்சு. நான் கத்தினேன். தெரு வரைக்கும் கேட்கற மாதிரி கத்தினேன். புதுசு வாங்கிட்டு வர்றேன், கத்தாதேன்னு சொல்லிட்டுப் போனார். அதுதான் நாங்க கடைசியாப் பேசினது. இன்னிக்குக் காலைல போய்ப் பார்த்தா, செருப்பு இருந்த இடத்துல இது இருக்கு."

மரக் கைப்பிடி போட்ட ஒரு கண்ணாடி. கைப்பிடியின் முனையில் ஒரு கிளி. கிளிக்கு அலகு உடைந்திருந்தது.

உதவியாளர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பின்புறச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவர் பன் தின்னக் கிளம்பியதும் அவளும் எழுந்து, குழாயடிக்குப் போய், அந்தத் தட்டைப் பார்த்து, எல்லா விடுதியிலும் இருப்பதுதான் என்று நினைத்து, அவர் வருவதற்குள் வேலையை முடித்திருக்கிறாள். நாற்காலியில் படுத்தபடி, பையில் எங்கயாவது இருக்கும் என்றும் சொல்லியிருக்கிறாள்.

வழக்கு முடிகிற நேரத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, குற்றவாளியின் பெயரைச் சொல்வது சீஃப்புக்கு மிகவும் பிடித்த கட்டம். அதற்காகவே ஒரு குரல் வைத்திருப்பாள். இப்போது அந்தக் குரல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

"செருப்பை எடுத்தது நான்தாங்க" என்றார் உதவியாளர். "சும்மா கிடக்குன்னு நினைச்சு எடுத்துப் போட்டுக்கிட்டேன். அது என் காலடி. அந்தக் கண்ணாடியும்..." மனைவியை இன்னொரு தடவை பார்த்தார். "அதையும் நான்தான் வெச்சேன். எடுத்ததுக்குப் பதிலா."

"இல்லக்கா" என்றாள் சீஃப். "அவர் பொய் சொல்றார். அவர் எனக்கு ஆசையா வாங்கிக் கொடுத்தது அது. நான்தான் அவருக்குத் தெரியாம கொண்டுவந்து வெச்சேன்."

"எதுக்கு?"

கேட்டது விடுதிக்காரம்மாதான். ஆனால் பதில் சொல்ல வேண்டியது இரண்டு பேருக்கு.

"பை கனமா இருந்துச்சு."

சமையலறையில் எதுவோ கொதித்து வழிந்து அடுப்பை அணைத்தது. அதை யாரும் போய்ப் பார்க்கவில்லை. விடுதிக்காரம்மாவின் முகம் முதலில் ஒன்றும் புரியாதது போல் இருந்தது. பிறகு புரிந்தது. பிறகு அது காது வரை சிவந்தது. தப்பு செய்த இரண்டு பேர் முன்னால் நிற்க, வெட்கப்பட்டது அவள்.

"அவர் வந்துட்டார்னு அந்த மனுஷன்கிட்டப் போய்ச் சொல்லிட்டேனே" என்றாள். "தலை வேற வாரிக்கிட்டேன்."

"அக்கா..."

"ஆளு கிடைக்கலைன்னே சொல்லியிருக்கலாம் நீங்க."

"சொல்லலாம்னு நினைச்சோம்" என்றாள் சீஃப். அதையும் மறைக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

விடுதிக்காரம்மா கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்கவில்லை. அதை உள்ளங்கையில் வைத்து, ஏற்றி இறக்கிப் பார்த்தாள்.

"ஆமா. கனமாத்தான் இருக்கு" என்று சீஃப்பிடம் நீட்டினாள்.

சீஃப் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அவள் கணவர் வேறு பக்கம் பார்த்தார். அலுவலகத்திலும் வீட்டிலுமாக இத்தனை வருடத்தில் அவள் அவரை எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். எதற்கும் அவர் இப்படி முகத்தைத் திருப்பியதில்லை.

"செருப்பைத் தட்டுல வெச்சுடறேங்க. தொடச்சு வெச்சுடறேன்" என்றார் அவர்.

"வேண்டாம் சார். போட்டுக்கங்க. கால் புண்ணா இருக்கே."

"ஐயோ, என்னால முடியாதுங்க."

"போட்டுக்கிட்டு அப்படியே கொட்டகைப் பக்கமாப் போங்க. அவர் அங்கதான் இருப்பார். உங்க காலை அவர் பார்க்கட்டும். வாயால ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொல்ல எனக்கும் முகம் இல்ல." அவள் உட்கார்ந்தாள். தட்டுகளில் ஒன்றைச் சற்று நகர்த்தி, மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அந்தச் செருப்பை மறுபடி மாட்டியதுதான் உதவியாளர் வாங்கிய தண்டனை. காலையில் சுகமாக இருந்த அதே செருப்பு. இப்போது ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவருடைய வீட்டுக்குள் கேட்காமல் நுழைவது போல் இருந்தது. சீஃப் இந்தத் தடவை முன்னால் போகவில்லை. கண்ணாடியைக் கையில் பிடித்தபடி, பக்கத்தில் நடந்தாள்.

"என்னங்க."

அவர் கடலைப் பார்த்தபடி நடந்தார்.

"ஏதாவது கிண்டலாவது பண்ணுங்க."

"ஒண்ணும் வரலம்மா" என்றார்.

மெக்கானிக் இன்னும் அதே இடத்தில்தான் இருந்தார். இவர்கள் வருவதை நிமிர்ந்து பார்த்தவர், உதவியாளரின் பாதத்தைப் பார்த்தார். ஒளித்துக்கொள்ள இந்த முறை உதவியாளர் மணலைத் தேடவில்லை. கெட்டியான ஈர மணலில், நன்றாகத் தெரியும்படி நின்றார். வலது காலை எடுத்து ஓர் அடி தள்ளி வைத்தார். குதிகாலின் வரி வரியான அச்சு மூன்று பேருக்கும் நடுவில் பதிந்து கிடந்தது.

மெக்கானிக் அதை வெகுநேரம் பார்த்தார். அவன் வரவில்லை. வரவும் போவதில்லை. அவர் கண் நிறைந்தது. சிநேகிதனுக்காக அந்தக் கண் இன்று அழுதுவிட்டதில் அவருக்கே ஏதோ பாரம் இறங்கியது போல் இருந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். கன்னத்தில் எண்ணெய் அப்பிக்கொண்டது.

இவர்களை அவர் திட்டவில்லை. யார், எதற்காக எடுத்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. சீஃப்பைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவங்க சாப்பிட்டாங்களா?"

தன் கண்ணுக்குத் தப்பி எதுவும் போனதில்லை என்று காலையில் பெருமையடித்தவள் சீஃப். நொண்டலை, ஜன்னலை, மணல் குழிவைக் கவனித்தவள். அந்தச் சாப்பாட்டு அறையில் அவ்வளவு நேரம் நின்றும், இந்தக் கேள்வி அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ரெண்டு தட்டு வெச்சு மூடியிருந்தாங்க" என்றாள் தலையைக் குனிந்தபடி. "ரெண்டும் அப்படியேதான் இருக்குண்ணே."

மெக்கானிக் தலையை ஆட்டினார். இயந்திரத்தின் மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். கொட்டகைக் குழாயில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, கன்னத்து எண்ணெயோடேயே, விடுதியைப் பார்த்து நடந்தார்.

அவர் போகும் வரை இருவரும் நின்றார்கள். பிறகு சீஃப் தன் கையில் இருந்த கண்ணாடியைப் புருஷன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"மூக்கு உரியுதுன்னீங்களே, பாருங்க" என்றாள்.

அவர் பார்க்கவில்லை. அவள் கை வலிக்கும் வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.